நெல்லைப் பார்க்காத சுனாமி மிஷின்

நிவித்திகல பக்கத்துத் தேயிலை மலைகளில் நெல் அறுக்கும் மிஷின் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். சுனாமி மிஷின் என்பார்களே, அதுதான். எங்களுக்கு ஒரு பிடி வயல்கூடக் கிடையாது. அதை யோசிக்க எம்பிலிப்பிட்டிய டீலர் பவாஸ் இடம் கொடுக்கவில்லை.

“கன்னையாண்ணே, இந்தக் கொம்பனிக்கு பதினாறு டவுன்ல டீலர் இருக்காங்க. பார்ட்ஸ் எங்கயும் கெடைக்கும். எப்ப வித்தாலும் வெல எறங்காது!”

மலையேறி வந்த மிஷின் வரிசையாகக் கட்டிய தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. என் மனைவி ஜீவராணி வீட்டுக்குள் போவதென்றால், அறுக்கும் வாய் வழியாக நுழைந்து நெல் கொட்டும் குழாய் வழியாக இறங்க வேண்டும். மூன்றே மாதத்தில் பாதியாக மெலிந்துவிட்டாள்.

“இந்தாங்க, அம்மன் திருவிழா முடிஞ்ச மறுநாள் இது இங்க நிக்கக் கூடாது. நின்னா நான் எஹலியகொட தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். இதுகிட்டயே சோறு கேட்டுக்கங்க.”

பயந்துபோய், விற்றுத்தரச் சொல்லி பவாஸுக்குப் போன் போட்டேன். எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டரைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். பதினொரு மணிநேரம், அதுவும் மலையேறி வந்த நேரம். பவாஸ் அம்பாறை டீலருக்குச் சொல்ல, அம்பாறை பொலன்னறுவைக்குச் சொல்ல, வேலையே செய்யாத மிஷின் என்று ஊருக்கு ஊர் விலை ஏறியது. நானும் நாற்பது வருஷம் அப்படித்தான் இருந்தேன். என்னை ஒருவரும் விலை கேட்டதில்லை.

திருவிழாவன்று தேரின் அச்சு முறிந்தது. பூசாரி யோகராஜ் யோசிக்காமல் அம்மனைத் தூக்கி மிஷின்மேல் வைத்துவிட்டார். நான் ஓட்ட, ஜீவராணி பூத்தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். மிஷின் சாமந்தியை வாரி மலை முழுக்க வீசியது. அந்த வாரம் பெக்டரியில் அரைத்த தேயிலைத்தூளில் சர்க்கரைப் பொங்கல் வாசம் வந்தது.

மறுநாள் பவாஸ் லொறியோடு வந்தார். “அண்ணே, பொலன்னறுவைல கேட்டதுக்கு மேலயே தர்றாங்க!”

பூசாரி குறுக்கே நின்றார். “சாமி ஏறுன வண்டி. பூக்கட்டிப் பாக்காம ஒரு அடி நகத்தக் கூடாது. செவப்பு வந்தா வித்துக்கலாம். வெள்ளை வந்தா விக்கக் கூடாது.”

ஜீவராணிதான் இரண்டு பூவையும் இலையில் பொட்டலம் கட்டித் தட்டில் வைத்தாள். சிவப்பு வரவேண்டுமே என்று அம்மனைக் கும்பிட்டேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

“இனி இதோட வெல இன்னும் ஏறும்ணே,” என்று பவாஸ் வெறும் லொறியோடு போனார்.

ஜீவராணி மூட்டை கட்டுகிறாளா என்று பார்த்தேன். அவள் மிஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி வீட்டுக்கு...?”

“போவணும். இதுலயே போவோம். அவளும் பாக்கட்டும்.”

தட்டில் மற்றப் பொட்டலம் அப்படியே கிடந்தது. மெல்லப் பிரித்தேன். அதுவும் வெள்ளை.

பழையபடி கட்டி வைத்துவிட்டு, அறுக்கும் வாய் வழியாக நுழைந்து வீட்டுக்குள் போனேன்.