வந்துகொண்டே இருந்த பிளம்பர்

லேசாகச் சொட்டிய வாட்டர் ஹீட்டரை நானே சரிசெய்கிறேன் பேர்வழி என்று இறங்கிய மாப்பிள்ளை, ஒரே திருகலில் அதன் குழாயை உடைத்துக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

மூட்டுவலிக்கு வெந்நீரை நம்பி மகள் வீட்டுக்கு வந்திருந்த மாமியார், "பரவால்ல மாப்ள, பச்சைத் தண்ணியே போதும்" என்று பல் தந்தியடிக்கச் சொன்னார். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்றிருந்தது மாப்பிள்ளைக்கு.

எந்த பிளம்பிங் கம்பெனிக்குப் போன் போட்டாலும், "ஆள் வந்துட்டே இருக்காரு சார்" என்றார்கள். வந்துகொண்டே இருந்த ஒருவரும் வந்து சேரவில்லை. அடுப்பில் வெந்நீர் காய்ச்சிச் சுமந்ததில் மாப்பிள்ளைக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது.

கடைசியாக ஒரு கம்பெனியில் போனை எடுத்த பெண்ணிடம் கெஞ்சினார். "வருவாரா, வர மாட்டாரா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா."

"வர மாட்டாரு சார். எங்ககிட்ட ஆளே இல்ல. புதுசு வாங்குங்க, கடைக்காரங்களே வந்து மாட்டிடுவாங்க."