எப்போதிலிருந்து

...நண்டு, இந்த நோய்க்கு எல்லாரும் வைத்த பெயர் நண்டுதான், கிரேக்கன் கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகளைப் பார்த்து நண்டின் கால் என்றான், லத்தீன்காரனுக்கும் நண்டு, அரபியில் நண்டு, ஜெர்மனில் நண்டு, நமக்கு மட்டும் புற்று, கறையான் மண்ணைக் கூட்டிக் கூட்டி எழுப்புவது, வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே எத்தனை அறையோ... போதும், நிறுத்து. மருத்துவமனை நடையில் பக்கத்தில் மனைவி பரிசோதனை முடிவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அகராதிக்காரனுக்கு வேறு என்ன தோன்றும், இருபத்தாறு வருடமாக இதே பிழைப்பு. பயமாக இருக்கிறது, அதுதான் உண்மை. கவரை அவள் பிரிக்கவில்லை, "டாக்டரே பாக்கட்டும், உங்ககிட்ட குடுத்தா பிழை திருத்துவீங்க" என்று சிரித்தாள், எப்படிச் சிரிக்க வருகிறது இவளுக்கு?

எங்கள் வேலையில் ஒரு பழக்கம், காதில் விழும் வாக்கியம் நன்றாக இருந்தால் உடனே சீட்டில் எழுதி, தேதி போட்டு, பெட்டியில் சேர்த்துவிட வேண்டும், பேச்சு வழக்குக்கு அதைவிட நல்ல சான்று ஏது? ஒரு நாள் காலை குளித்துவிட்டு வந்தவள், "ஏங்க, இங்க கட்டி மாதிரி கையில தட்டுப்படுது" என்றாள், நானோ 'தட்டுப்படு' என்ற சொல்லுக்குச் சான்று கிடைக்காமல் ஒரு வாரமாக அலைந்துகொண்டிருந்தேன், "இன்னொரு தடவை சொல்லு" என்றேன், சொன்னாள், எழுதிக்கொண்டேன் பாவி, தேதி போட்டேன், ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். அவள் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை, போன மாதம் அவளுடைய அக்கா வந்து கையோடு இங்கே இழுத்துவந்த பிறகுதான்... நேற்று அந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன். ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டரம்மா கவரைப் பிரித்தார், படித்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பேனாவை எடுத்து, "எப்ப இருந்து இருக்கு?" என்றார். ஐந்து மாதம், சொல்லிவிடு, சரியாகச் சொன்னால்தானே சரியாகப் பார்ப்பார்கள், வாயைத் திற... சொன்னால் இவளுக்கு அந்தக் காலை நினைவு வந்துவிடுமே, மறந்திருப்பாள், மறந்துதான் இருப்பாள், இத்தனை நாளில் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லையே... "ஒரு மாசம் இருக்கும் டாக்டர்" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமல், மேசைக்கு அடியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. மறக்கவே இல்லை இவள். டாக்டரம்மா எழுத ஆரம்பித்துவிட்டார், பேனா ஓடுகிறது, நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.