சால்வைக்குள் சஃபாரி

திருவள்ளூர் மாவட்டத்தின் தொழில் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் அதை இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டியிருக்கும்: கும்மிடிப்பூண்டி சிறுதொழில் முனைவோர் சகோதரத்துவப் பேரவைக்கு முன், பின். இதைச் சொன்னவர் பேரவையின் நிறுவனத் தலைவர் பூவராகவன். பெயின்ட் கடை வைத்திருப்பவர். சொன்ன இடம் பஸ் ஸ்டாண்டு ஓட்டல் மாடி. அப்போது சொல்லியிருந்த பொங்கல் இன்னும் மேசைக்கு வந்திருக்கவில்லை. வந்த பிறகு வரலாற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு கூடுவார்கள். ஒருவருக்கொருவர் விசிட்டிங் கார்டு கொடுப்பார்கள், சால்வை போர்த்துவார்கள். போர்த்திய சால்வையை நன்றியுரை முடியும்வரை கழற்றக் கூடாது என்பது பேரவையின் மரபு. "ஒருத்தருக்கு ஒருத்தர் கை குடுத்தா சிப்காட்டே நம்ம கைல" என்பார் பூவராகவன். கைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாமே விற்கிற கைகள்.

பேரவை உறுப்பினர் திலகவதி கவரைப்பேட்டையில் நாலு மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. சிப்காட் தொழிற்பேட்டையின் பெரிய கம்பெனியிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிற சாம்பல் நிறச் சட்டைகளில் ஒன்றாவது தன் மிஷினில் தைத்ததாக இருக்க வேண்டும். நூல் வாங்கப் போகிற நாளெல்லாம் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அந்த கேட்டுக்கு எதிரே நிற்பாள். முகங்களைப் பார்க்க மாட்டாள். காலர், தோள்பட்டை, பாக்கெட்டு. கடைசி சைக்கிள் போன பிறகும் கண் கேட்டிலேயே இருக்கும்.

"இன்னாம்மா, ஊட்டுக்காரரு உள்ள வேலையா?" என்று டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இல்லீங்க. சட்டைய பாத்துக்கினு இருக்கேன்."

அவர் அவளுடைய டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் கூடப் போட்டார்.

2006ஆம் வருஷ ஆண்டுவிழாவுக்கு அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரியே சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்டார். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்கிற ஷஃபியுல்லா, சும்மா உறுப்பினர்தான், ஒரு யோசனை சொன்னார்.

"தலைவரே, மேடைல ஒன்பது நிர்வாகியும் ஒரே மாதிரி சஃபாரி போட்டுக்கினா கம்பீரமா இருக்கும். நம்ம திலகவதி தைக்கட்டும். அந்தாளு பாத்தா அதான் சாம்பிளு."

கம்பீரம் என்ற சொல்லே பூவராகவனுக்குப் போதும்.

திலகவதி பள்ளி வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுத் தைத்தாள். தலைவரின் வயிற்றை மட்டும் மூன்று தரம் அளவெடுத்தாள். விழா நாள் காலையில்தான் வேலை முடிந்தது. விழாவும் அதே ஓட்டல் மாடியில்தான். நிர்வாகிகள் அங்கே ஓர் அறையில் அவசரமாக மாட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். ஏறியதும் சால்வை விழுந்தது. ஒன்பது சஃபாரியும் ஒன்பது சால்வைக்குள் போய்விட்டன.

மேடைக்குக் கீழே திலகவதி நாற்காலி நுனியில் இருந்தாள். "இன்னா பாய், இப்பிடி மூடிக்கினு உக்காந்துகீறாங்களே?"

"இரு தங்கச்சி, பேஜாராவாத. மே மாசம். எவ்ளோ நேரம் தாங்குவாங்க?" என்ற ஷஃபியுல்லா, எழுந்து போய் மேடை ஃபேனை அணைத்துவிட்டு வந்தார்.

வேர்த்துக் கொட்டியது. யாரும் கழற்றவில்லை. மரபு. பூவராகவன் சால்வை நுனியால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து சகோதரத்துவம் பேசினார்.

ஒருவழியாக நன்றியுரை முடிந்து சால்வைகள் இறங்கின. மேடைப் படி இறங்கப் போன அதிகாரி நின்றார். பூவராகவனின் மார்பையே பார்த்தார். பிறகு குனிந்து கிட்டத்தில் பார்த்தார். திலகவதி தன்னையறியாமல் எழுந்துவிட்டாள்.

"யாரு தைச்சது?"

"நம்ம பேரவை உறுப்பினரே தைச்சது சார்! அதோ, ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற அந்தம்மா!" என்றார் பூவராகவன்.

அதிகாரி அவளிடம் வந்தார். "தையல் சுத்தமா இருக்கும்மா. வழக்கமா எந்த ஸ்கூலுக்குத் தைக்கிறீங்க?"

"கேர்ள்ஸ் ஸ்கூலுக்குங்க சார்."

அவர் மெல்லத் தலையாட்டினார். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு. அவர் கார் சிப்காட் பக்கம் திரும்பி மறைகிறவரை மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள். அப்புறம்தான் மேடைப் பக்கம் திரும்பினாள்.

ஒன்பது சஃபாரியிலும் பொத்தான்கள் பெண்கள் சட்டையில் இருப்பது போல இடது பக்கம் இருந்தன.