ஆளில்லாத அறை

அறுபத்திரண்டு மணி நேரமாக அந்த அறையில் யாரோ இருந்துகொண்டே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து சனி, ஞாயிறு முழுவதும் வெளியே போகவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கும் உள்ளேதான் இருந்தார்கள். விளக்கு எரிந்தது, ஏசி ஓடியது. வரைபடம் அப்படித்தான் சொன்னது.

அவள் தோளிலிருந்து பையை இறக்காமலே திரையின் முன் நின்றாள். மருத்துவமனையின் எல்லாத் தளங்களும் அதில் இருந்தன. அறைக்கு ஒரு கட்டம். ஆள் இருந்து மின்சாரம் அளவாகச் செலவானால் நீலம். ஆளும் இல்லை, எல்லாம் அணைந்துவிட்டது என்றால் சாம்பல். அளவை மீறினால் சிவப்பு. விடுமுறை நாட்களில் அலுவலகத் தளங்களும் கிடங்குகளும் சாம்பலாகிவிடும். அந்தச் சாம்பலுக்கு நடுவே, அடித்தளத்தின் மூலையில், ஒரே ஒரு கட்டம் சிவப்பாக இருந்தது. என்ன அறை என்று பார்க்க அவள் அதைத் தொட வேண்டியிருக்கவில்லை. தையல் அறை. கிழிந்த படுக்கை விரிப்புகளும் நாடா அறுந்த நோயாளி அங்கிகளும் அங்கேதான் போகும். இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். ஒருத்தி ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள். இன்னொருத்தி, திரையின் முன் நிற்கும் இவளுடைய அம்மா.

அது அந்தக் கட்டடத்தில் ரேடியோவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அம்மா போட்ட ஏற்பாடு அது. இவளுக்கு வேலை உறுதியான அன்று, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "அங்க என்னைப் பார்த்தா சிரிச்சு வைக்காத. தையக்காரி பொண்ணுன்னு தெரிஞ்சுதுன்னு வை, உன் படிப்பை எவனும் பார்க்க மாட்டான். காஜா போடத் தெரியுமான்னு கேப்பான்." இவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவாள் என்று அம்மா எதிர்பார்த்திருக்கலாம். மடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு கணம் பார்த்தாள், பிறகு அடுத்த துணியை எடுத்தாள். அன்றிலிருந்து காலையில் ஒரே பேருந்தில் வந்து, இறங்கியதும் அம்மா பின்வாசலுக்கும் மகள் முன்வாசலுக்கும் பிரிந்தார்கள். மின்தூக்கியில் எப்போதாவது ஒன்றாக மாட்டிக்கொண்டால் அம்மா துணிமூட்டையை நெஞ்சோடு அணைத்து ஓரமாக ஒதுங்குவாள். "குட் மார்னிங் மேடம்" என்பாள். ஒருநாள்கூட மகளுக்கு அதில் சிரிப்பு வந்ததில்லை.

இந்த வரைபடம் அவள் செய்தது. அவள் வருவதற்கு முன்பே அறைகளின் கூரையில் வெள்ளை டப்பாக்களைப் பொருத்திவிட்டிருந்தார்கள். உடல் சூட்டைக் கவனிக்கும் வகை விலை கூடுதல் என்று, அசைவை மட்டும் கவனிக்கும் வகையை வாங்கியிருந்தார்கள். அவை அனுப்பிய எண்கள் வரிசை வரிசையாக வந்து யாரும் படிக்காமல் குவிந்துகிடந்தன. அவள் அந்த எண்களைக் கட்டடத்தின் படத்தின்மேல் வைத்து வண்ணம் கொடுத்தாள். அதன் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. யாருமில்லாத கூட்ட அறைகளில் ஏசி ஓடுவதும், ஆள் போய் வெகுநேரமான கிடங்குகளில் விளக்கு எரிவதும். இன்னொன்றையும் அவள்தான் கண்டுபிடித்தாள். ஆள் போய் அசைவு நின்ற பிறகும், இருபது நிமிடம் கழித்தே டப்பா விளக்கையும் ஏசியையும் அணைத்தது. நோயாளிகள் இருக்கும் தளங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் அதை ஐந்தாகக் குறைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தாள். மூன்று மாதத்தில் மின்செலவு எட்டில் ஒரு பங்கு குறைந்தது. மேனேஜர் அவளை எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்ட வைத்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேரத்தை ஐந்தாகக் குறைத்த முதல் வாரமே அம்மா இடதுகை ஆள்காட்டி விரலில் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். தைத்துக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்திருக்கிறது. கால் மிதியை விடுவதற்குள் ஊசி நகத்துக்குள் இறங்கிவிட்டது. தையல் அறையில் கூரை வரை துணி அடுக்கிய அலமாரிகள். டப்பா அவற்றுக்கு அந்தப் பக்கம், கதவுக்கு மேலே. மெஷின் முன்னால் குனிந்திருக்கும் இரண்டு பெண்களின் கைகள் அதற்கு எட்டவில்லை. அதன் கணக்கில் அந்த அறையில் யாருமில்லை.

"திரும்ப இருபதா மாத்திடறேன்மா. ரெண்டு நிமிஷ வேலை."

"ஒண்ணும் மாத்த வேணாம். இந்த ஒரு ரூமுக்கு மட்டும் ஏன்னு கேப்பான். என்ன சொல்லுவ?"

அம்மாவே அடுத்துக் கேட்டாள். "ஏன்டி, அந்த டப்பாவுக்குக் கண்ணு இருக்கா?"

"கண்ணெல்லாம் இல்லம்மா. ஏதாவது அசைஞ்சா போதும். ஆளா துணியான்னுகூட அதுக்குத் தெரியாது."

அம்மா கட்டுப்போட்ட விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து நாள் கழித்து ஒரு மாலை, "இப்பல்லாம் விளக்கு அணையறதே இல்ல" என்று சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்தாள். எப்படி என்று மகள் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

இப்போது கேட்காமலே தெரிந்தது. அவள் சிவப்புக் கட்டத்தைத் தொட்டாள். 'ஆள்: உண்டு' என்று வந்தது. கீழே ஒரு சின்னப் பட்டியல். அதில் 'கருவிப் பழுது' என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினால் கட்டம் வெள்ளையாகிவிடும், விடுமுறை நாட்களின் கணக்கிலிருந்து விலகிவிடும். அவள் அழுத்திய அதே நேரம் பின்னால் கதவு திறந்தது.

"எங்க போச்சு அந்தச் சிவப்பு?" மேனேஜர் வீட்டிலிருந்தே போனில் பார்த்துவிட்டு வந்திருந்தார். "செக்யூரிட்டிகிட்ட கேட்டுட்டேன். வெள்ளிக்கிழமை பூட்டின பூட்டு இன்னிக்குக் காலையிலதான் திறந்துருக்கு. அப்போ உள்ள இருந்தது யாரு, பேயா?"

"கருவி பழுதா இருக்கும் சார்."

"பேய்க்கு எதுக்கு ஏசி, அதைச் சொல்லுங்க." அவரே சிரித்துக்கொண்டார். நல்ல மனநிலையில் இருந்தார். தையல் வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிவருபவர். இரண்டு சம்பளம், ஒரு அறை, அதற்கொரு ஏசி எதற்கு என்பது அவர் கேள்வி. மேலே இருப்பவர்கள்தான் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். "பழுதுன்னா சரி பண்ணணும். சரி பண்ணணும்னா பார்க்கணும்ல? வாங்க. டேப்லெட்டை எடுத்துக்குங்க. எலக்ட்ரீஷியனையும் வரச் சொல்லுங்க."

பழுது என்ற வார்த்தையைச் சொல்லியிருக்காவிட்டால் அவர் ஒரு மெயிலோடு விட்டிருப்பார். படியிறங்கும்போது அவளுக்கு இது புரிந்தது.

அடித்தளத்தில் சலவைக்கூடத்தின் ஈரச்சூடு நடைபாதை வரை வந்தது. தையல் அறையின் கதவு திறந்தே கிடந்தது. கதவை ஒட்டி உள்ளே உயரமான ஒரு ஸ்டாண்ட் ஃபேன். அதன் கூண்டில் அறுவை அங்கியிலிருந்து கிழித்த நீளமான பச்சைத் துணி ஒன்று கட்டப்பட்டிருந்தது. அது டப்பாவுக்கு நேர் கீழே, யாரையோ அவசரமாகக் கூப்பிடுவதுபோல் படபடத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கிளம்பும்போது ஃபேனை நிறுத்திவிட்டதாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்பியிருக்க வேண்டும். நாள் முழுக்க ஓடும் ஃபேனின் சத்தம் அவர்கள் காதில் விழாமலே போயிருக்கும்.

மேனேஜர் துணியைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். உதட்டைக் குவித்து மெதுவாக ஒரு விசில் அடித்தார்.

"அடேங்கப்பா. ரெண்டு நாளா இந்தத் துணிக்கா ஏசி போட்டோம்?"

அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து அம்மாவும் ரேடியோவும் எழுந்து வந்தார்கள். அம்மாவின் பார்வை மேனேஜரிடமிருந்து எலக்ட்ரீஷியனிடம் போனது. மகளைத் தாண்டிச் சென்றபோது எங்கும் நிற்கவில்லை.

"காத்துக்குக் கட்டினோம் சார்" என்றாள் ரேடியோ. "காத்து வருதா இல்லையான்னு பார்க்க."

"காத்து வருதான்னு பார்க்கறதுக்கு மூஞ்சி போதாதா?" என்றார் மேனேஜர். எலக்ட்ரீஷியன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். மேனேஜர் அம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் தணிவாக இருந்தது. "நீங்க சொல்லுங்கம்மா. உங்களை யாரும் திட்டப் போறதில்ல. டப்பா அசைவைத்தான் பார்க்கும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"நானாத்தான் யோசிச்சுக் கட்டினேன் சார். வேலை பார்க்கையில விளக்கு அணைஞ்சு போகுது."

"தைச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவங்களுக்கு இதெல்லாம் தானா தோணுமா? எனக்கே மேடம் பாடம் எடுத்துத்தான் புரிஞ்சுது." இவளைக் கைகாட்டினார். "யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. யாருன்னு சொல்லிடுங்க, ரிப்போர்ட்ல உங்க ரெண்டு பேர் பேரையும் விட்டுடறேன். வேற பிரிவுல இடம் பார்த்துத் தர்றேன். சொல்லலைன்னா இந்த மாசத்தோட சரி."

சொல்லும்போது அவர் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். டப்பாக்களை மாட்டியவன் அவன். மதியம் இங்கே வந்து உட்கார்ந்து சாப்பிடுபவன். அவன் சட்டையின் கிழிசல்களை இங்கேதான் தைத்துக் கொடுத்தார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"ஐயோ சார், சத்தியமா நான் இல்ல. அக்கா, சொல்லுங்கக்கா" என்றான் அவன்.

மேனேஜர் அம்மா என்கிறார். இவன் அக்கா என்கிறான். எல்லோருக்கும் கூப்பிட ஒரு முறை இருந்தது. கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, தான் மட்டும் அவளை ஒன்றுமே சொல்லிக் கூப்பிட முடியாமல் நிற்பதை மகள் உணர்ந்தாள்.

அம்மா அவனைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, முதல்ல இதுதான் காரணமான்னு பார்த்துடுவோம். மேடம், அந்தப் பழுதுக் குறியை எடுத்துடுங்க, அப்புறம் அதை எழுத வேண்டாம் பாருங்க." மேனேஜர் எட்டி ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தினார். துணி இரண்டு முறை துள்ளித் தொங்கிப்போனது. "எல்லாரும் அலமாரிக்குப் பின்னாடி போயிடுவோம். அஞ்சு நிமிஷம் யாரும் அசையக் கூடாது."

ஐந்து பேரும் மெஷின்களுக்கும் துணிக்குவியலுக்கும் நடுவே நெருங்கி நின்றார்கள். அவளும் அம்மாவும் எதிரெதிரே. இந்தக் கட்டடத்தில் இவ்வளவு அருகில், இவ்வளவு நேரம் அவர்கள் நின்றதில்லை. அம்மாவின் முன்தலையில் ஒரு துண்டு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. வீட்டில் என்றால் கை தானாகப் போய் எடுத்திருக்கும். விரலில் நகம் பாதி கருத்து, பாதி புதிதாக வளர்ந்திருந்தது. இருபதை ஐந்தாக்கியபோது திரையில் அது வெறும் ஒரு எண். கட்டம் கட்டமாகச் சாம்பல் பரவியதைப் பார்த்து அன்று அவள் சந்தோஷப்பட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் எலக்ட்ரீஷியன் தப்பிப்பான். அம்மாவுக்கு வேறு இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவளுக்கு இந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்கும் கடிதம் வர வேண்டும். அது வராது. வீட்டு வாடகை இரண்டு சம்பளத்தில் நிற்கிறது. இதையெல்லாம் அம்மாவும் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. கண் இமைக்காமல் மகளையே பார்த்தாள். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று, சின்ன வயதில் விருந்தாளிகளுக்கு நடுவே பார்ப்பாளே, அதே பார்வை.

ரேடியோவுக்குத் தும்மல் வந்தது. மூக்கைச் சுருக்கி அதையும் அடக்கிக்கொண்டாள்.

விளக்குகள் அணைந்தன. ஏசியின் மூச்சு நின்றது. ஜன்னல் இல்லாத அறை. டேப்லெட்டின் வெளிச்சம் மட்டும் மோவாய்களுக்குக் கீழே எரிந்தது. வரைபடத்தில் அடித்தளத்து மூலைக் கட்டம் சாம்பலுக்கு மாறியது. 'ஆள்: இல்லை.'

"பார்த்தீங்களா, கருவி கரெக்டா வேலை செய்யுது" என்றார் மேனேஜர், இருட்டில், திருப்தியோடு. "இப்ப சொல்லுங்கம்மா. இவன்தானே?"

"சார், என் குழந்தைங்க மேல..." என்று ஆரம்பித்தான் எலக்ட்ரீஷியன்.

"அவர் இல்ல சார்." அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. கூட்டங்களில் இரண்டாவது முறை சொல்லச் சொல்வார்கள், அவ்வளவு சின்னக் குரல். இந்த அறையில் அது எல்லோருக்கும் கேட்டது. "நான்தான் சொன்னேன். வீட்டுல வச்சு. நான் இவங்க பொண்ணு."

டேப்லெட்டின் மங்கிய ஒளியில் அம்மாவின் கை மட்டும் தெரிந்தது. கருத்த நகத்தோடு அது இல்லை, இல்லை, இல்லை என்று வேகமாக அசைந்துகொண்டிருந்தது. விளக்கு எரியவில்லை. கட்டம் சாம்பலாகவே இருந்தது.