பக்கம் புரளும் முன்னே

விடியுமுன் பெஞ்சுகளை இறக்கியாக வேண்டும். பள்ளிக்கூடத்துச் சாமான் அறைதான் எங்கள் வாசிப்பு வகுப்பு. கூரை வரை அடுக்கிய பெஞ்சுகளை நானும் என்னோடு சொல்லிக்கொடுக்கும் பெரியக்காவும் ஆளுக்கொரு முனை பிடித்து இறக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். ஆறு மணிக்கு, தையல் ஆலைக்கு ஓடும் தாய்மார்கள் தூக்கம் கலையாத பிள்ளைகளை விட்டுப் போவார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தவிக்கிற பிள்ளைகள். ஆளுக்கு மூன்று பேர்தான். அதற்கு மேல் போனால் எந்த விரல் எந்த வரியில் நிற்கிறதென்று தெரியாது.

அன்று பள்ளி நிர்வாகி ஒரு தாளோடு வந்தார்.

"எல்லாப் பிள்ளைங்களும் படிக்குதுன்னு கையெழுத்து போடுங்க. வகுப்ப முடிச்சுக்கலாம். மொதல்ல போடறவங்களுக்கு ஆபீஸ்ல வேலை."

"படிக்குதுன்னு யாருங்க சொன்னா?" என்றார் பெரியக்கா.

"இந்தப் பாப்பாவையே கேப்போமே!"

வாயாடி என்று நாங்கள் கூப்பிடும் என் மாணவியைக் காட்டினார். அவள் அம்மா இன்னும் வாசலில்தான் நின்றாள். வாயாடி புத்தகத்தில் விரல் வைத்துக் கணீரென்று படித்தாள். யானை குளத்தில் இறங்கியது, தவளை கோபித்துக்கொண்டது. அம்மாவுக்கு முகமெல்லாம் பல். நிர்வாகி பேனாவை என்னிடம் நீட்டினார்.

நான் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். தவளை அடுத்த பக்கத்தில் அல்லவா வருகிறது! அவள் இன்னும் பக்கத்தையே புரட்டவில்லை. அத்தனையும் மனப்பாடம். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் மூன்று வாரமாக அதே புத்தகத்தைக் கொடுத்தவள் நான்தான். வாயை மூடிக்கொண்டால் எனக்கு ஆபீஸ் நாற்காலி. அவளுக்கு? கடைசி பெஞ்சு, அப்புறம் அம்மாவின் பக்கத்துத் தையல் மெஷின்.

வேறொரு புத்தகத்தை விரித்து வைத்தேன்.

"இதப் படிடா கண்ணு."

விரல் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. அம்மாவின் சிரிப்பு அணைந்தது.

"தப்பு என்னுதுதாம்மா," என்றேன் அவளிடம். "மனப்பாடமா சொல்றா. இன்னும் படிக்க வரல. வந்துடும், நேத்து மூணு வார்த்தை தானா கூட்டினா. நான் கையெழுத்து போட மாட்டேன்."

"நானும்தான்," என்றார் பெரியக்கா.

"அப்ப நாளைக்கு ரெண்டு பேரும் வர வேணாம்!"

ஆலைச் சங்கு ஊதியது. அந்த அம்மா ஓடவில்லை. உள்ளே வந்து, குட்டிப் பெஞ்சில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆலை கேட்டச் சாத்திடுவாங்களேம்மா," என்றேன் பதறி.

"சாத்தட்டும். படிக்கத் தெரியாமத்தான் அங்க நீட்டுன தாள்ல எல்லாம் கையெழுத்து போட்டுட்டு, இன்னைக்கு பன்னெண்டு மணி நேரம் தைக்கிறேன். எம் பொண்ணு அப்படிப் போட வேணாம்." நிர்வாகியை நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கும் இவங்க வருவாங்க சார். பெஞ்ச நாங்க வந்து இறக்குறோம்."

தெருமுனை வரை போயிருந்த மற்றத் தாய்மார்களைப் பெரியக்கா கைதட்டிக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். அந்தச் சின்ன அறை நிறைந்தது. இரண்டாம் சங்கு ஊதியும் யாரும் அசையவில்லை. வாசலை மறித்து நின்ற கூட்டத்தில் வெளியேற வழியில்லாமல் நிர்வாகி தாளை மடித்தார், பிரித்தார்.

அம்மா மகளின் விரலை எடுத்து முதல் எழுத்தில் வைத்தாள்.

"மெதுவாவே படிடி. சார் கேட்டுட்டுத்தான் போவாரு."