ஒரு ஜாடிதானே

1

நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல, ஒரு விளக்கக் கடிதம். எங்கள் ஊர்க் கழிவுநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் ரஸ்மியாதான் கேட்டாள். நான் ஓய்வுபெற்ற அரபு வாத்தியார். ஊரில் யாருடைய கடிதமும் என் தலையில்தான் விடியும். கடிதத்துக்குக் காரணம் கிடைக்காததால் கதையில் தேடப் போனேன்.

2

முதல் தொடக்கம்: 'அஜ்லூன் மலைச்சரிவில், மாதுளைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு சின்ன' (நிறுத்திவிட்டேன். சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: 'பிள்ளைகள் வெள்ளிக்கிழமை செத்துப்போனார்கள்.' (பயப்படாதீர்கள். தொட்டியில் அழுக்கைத் தின்று வாழும் நுண்ணுயிர்களை ரஸ்மியா அப்படித்தான் சொல்வாள். கல்யாணமாகாதவள் என்பதால் ஊர் சீண்டும்: "என்ன, பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?" அவள் விடமாட்டாள்: "உங்க வீட்டுலேர்ந்துதான் சாப்பாடு வரணும்!")

எண்பது வீட்டுச் சாக்கடையும் அங்கே போகிறது. பிள்ளைகள் தின்று முடித்த தண்ணீரை நுண்துளைச் சவ்வு வடிகட்டும். அது மாதுளைக்குப் பாயும். முன்பு வீட்டுக்கு வீடு மலக்குழி. ஊற்றுநீர் நாறி, குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கிடந்த காலம் அது.

3

முதல் மழை விழுந்ததும் ஆலிவ் பறிப்போம். புதுக் காயை ஊறப்போட, போன வருஷத்து உப்புத் தண்ணீரைக் கொட்டி ஜாடியைக் கழுவ வேண்டும். அதற்கு எல்லோருக்கும் ஒழிவது வெள்ளிக்கிழமைதான்.

"சாக்கடையில ஊத்தாதீங்க, அவ்வளவு உப்பு போனா பிள்ளைங்க செத்துடும். வாளியில பிடிச்சு வைங்க, நானே வந்து எடுத்துக்கறேன்" என்று ரஸ்மியா வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். ஒரு ஜாடிதானே என்று ஒவ்வொரு வீடும் நினைத்தது. மாலைக்குள் தொட்டியில் நுரை பொங்கியது. மறுநாள் மாதுளைக்குப் போகும் குழாயில் கலங்கல்.

வியாழனுக்குள் காரணம் சொல்லாவிட்டால் அவளுடைய கவனக்குறைவு என்று முடிவாகும், வேலை போகும் என்று மேலிடத்துக் கடிதம் வந்தது. ஊரில் கேட்டால், ஆண்டவன் மேல் ஆணையாக யாருமே ஊற்றவில்லையாம்.

4

கதையில் யாராவது ஊற்றித்தானே ஆக வேண்டும்? பக்கத்து வீட்டு உம்மு ஸாஹிரை ஊற்ற வைத்தேன். பெரிய சண்டைக்காரி, எல்லோரும் நம்புவார்கள். ரஸ்மியா படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன வாத்தியாரே இது? அந்தக்கா இந்த வருஷம் ஜாடியையே தொடலயே. கை ஒடிஞ்சு கட்டுப் போட்டுக் கெடக்காங்க."

"கதைதானேம்மா."

"கதையில போட்டாலும் பழி பழிதான். சரி, நீங்க எங்க ஊத்துனீங்க?"

(இங்கே மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன். அவற்றில் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன்.)

"சமையல்கட்டுலதான்" என்றேன்.

அவள் திட்டவில்லை. "அன்னிக்கு வாளி எடுக்க உங்க வீட்டுக்குத்தான் மொதல்ல வந்தேன். கதவத் தட்டினேன். தூங்குறீங்கபோலன்னு போயிட்டேன்."

நான் தூங்கவில்லை. வாளி நிரப்பச் சோம்பல்பட்டு, சத்தம் காட்டாமல் உள்ளே நின்றிருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

5

ஒரு முடிவு: மேலிடம் மன்னிக்கிறது, நகரத்திலிருந்து லாரியில் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். (எனக்குப் பிடித்தது. ஆனால் இதில் யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.)

இன்னொன்று: ரஸ்மியா பெட்டியோடு இர்பித் நகரத்து பஸ்ஸில் ஏறுகிறாள், மலக்குழிகள் மறுபடி (முடிக்க மனம் வரவில்லை.)

கடைசியில் கடிதத்தையே எழுதினேன். 'ஊற்றக் கூடாது என்று ரஸ்மியா சொல்லியிருந்தார். ஆனாலும் என் ஜாடி உப்புத் தண்ணீரை நான் சாக்கடையில் ஊற்றினேன்.' கீழே என் பெயர். அதன் கீழே, உம்மு ஸாஹிர் வீட்டைக் கழித்து, மற்ற வீடுகள் கையெழுத்துப் போட எழுபத்தெட்டுக் கோடுகள்.

இன்று புதன். முதல் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறேன். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது, இப்போது நின்றுவிட்டது. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது வாசகரே, ஏனென்றால் உள்ளே நிற்பது நீங்கள். பேனா கொண்டுவந்திருக்கிறேன். கதவைத் திறங்கள்.