இரண்டு இடது கால்கள்

மாஸ்டருக்கு ஒரு நேர்கோடு போடத் தெரியாது. ஸ்கேலைக் கையில் கொடுத்தாலும் கோடு எங்கேயாவது கோணிக்கொண்டு போகும். ஆனால் பேசச் சொல்லிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு "எகிப்து..." என்று ஒரு இழுப்பு இழுப்பார், கேட்கிறவனுக்குச் செருப்புக்குள் மணல் நறநறக்கும். அந்த வாயை வைத்தே பதினாலு வருஷமாகப் பெரிய மனிதர்களின் சொகுசுப் படகுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுத்துப் பேரும் புகழும் வாங்கிவிட்டார். கோடு போடுவது, வண்ணம் கலப்பது, தங்கத்தாள் ஒட்டுவது எல்லாம் அவர் மனைவியின் வேலை. படகுப் பட்டறை முழுக்க அவளுக்கு 'மாஸ்டர் வீட்டம்மா' என்பதைத் தவிர வேறு அடையாளம் கிடையாது.

இந்தத் தடவை வந்த முதலாளிக்குத் தன் படகின் படுக்கையறை எகிப்து ராஜாவின் கல்லறை மாதிரி இருக்க வேண்டுமாம். உயிரோடு இருக்கிற மனிதன் படுத்துத் தூங்கக் கல்லறை கேட்கிறானே என்று யாரும் சிரிக்கவில்லை. நாம் கேட்டால் பைத்தியம் என்பார்கள், அவர் கேட்டால் அது ரசனை.

எட்டு மாதம் அவள் அந்த அறைக்குள்ளேயே கிடந்தாள். கருநீலக் கூரையில் ஆயிரத்து இருநூறு ஐந்துமுனைத் தங்க நட்சத்திரங்கள், ஒவ்வொன்றையும் மல்லாந்து படுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். மூச்சு விட்டால் தங்கத்தாள் பறந்துவிடும். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பால்நிற அலபாஸ்டர் கல், அதன் பின்னால் விளக்கு. முழுக்கல்லின் கனத்தைப் படகு தாங்காது என்பதால் அதை ஐந்து மில்லிமீட்டருக்குச் சீவி, தேனடை போன்ற அலுமினியப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். கட்டிலின் கால்கள் சிங்கப் பாதங்கள். தலைமாட்டில் மூன்று மீட்டர் நீளத்துக்குச் சுவரோவியம்.

அந்த ஓவியத்தில் முதலாளி நாணல் படகில் நின்று வாத்து வேட்டையாடுகிறார். பின்னால் அவருடைய மனைவி, அவர் இடுப்பளவுக்கு. காலடியில் மகள், அவருடைய கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு. எகிப்துக்காரன் கணக்கு அப்படி. யார் முக்கியமோ அவரைப் பெரிதாக வரைவான், மற்றவர்கள் சுண்டைக்காய். முதலாளிக்கு இந்தக் கணக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. முதலாளியம்மாவுக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

மாஸ்டர் வீட்டம்மா இதற்காகப் புத்தகங்களை வாங்கிக் குவித்துப் படித்தாள். பாதத்திலிருந்து நெற்றி வரை பதினெட்டுக் கட்டம் போட்டு அதற்குள் உருவத்தை அடக்க வேண்டும், ஆணுக்குச் செம்மண் நிறம், பெண்ணுக்கு வெளிர் மஞ்சள் என்று ஒவ்வொரு விதியையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். முதலில் பெரிய டிரேசிங் தாளில் முழு ஓவியத்தையும் வரைந்தாள். வழக்கம்போல மாஸ்டர் வந்து, தாளின் மூலையில் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கையெழுத்து மட்டும் மனிதருக்குக் கோணாமல் வரும்.

அவளுக்கு அதுகூடப் பழகிப்போய்விட்டது. இந்தப் படகில் அவள் மனசு கிடந்தது வேறொன்றில். வேலை முடிந்ததும் மாடிப்படி ஏறுகிற இடத்தில் ஒரு பித்தளைத் தகடு வைப்பார்கள், படகைக் கட்டியவர் யார், உள்ளே அலங்காரம் செய்தது யார் என்று. போன ஏழு படகிலும் மாஸ்டர் பேர் மட்டும்தான். கேட்டபோதெல்லாம், "நீ வேற, நான் வேறயா?" என்று சிரிப்பார். இந்தத் தடவை அவள் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிட்டாள். இரண்டு பேர் பேரும் வரும் என்று முதலாளி முன்னாலேயே அவர் ஒப்புக்கொண்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. வேறொரு பட்டறை மேலாளர் அவளைத் தனியாக வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அவள் பேரில் முடிந்த ஒரு வேலை. தகட்டில் அவள் பேர் ஏறிவிட்டால் அந்த மாதமே அங்கே போய்விடலாம். அந்த வீட்டையும் அந்தக் கையெழுத்தையும் விட்டுப் போகலாம். இதை அவள் மாஸ்டரிடம் மூச்சுவிடவில்லை.

ஓவியம் முடிந்து இரண்டு நாள் கழித்து முதலாளி பார்க்க வந்தார். கூரையைப் பார்த்து வாயைப் பிளந்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பித் தன்னையே நெடுநேரம் ரசித்தார். கடைசியில் காலடியில் போய் அவர் பார்வை நின்றது.

"என்ன மாஸ்டர், எனக்கு ரெண்டுமே இடது காலா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் சொன்னது சரிதான். இரண்டு பாதத்திலும் கட்டைவிரல்தான் முன்னால் தெரிந்தது. பழைய எகிப்துக்காரன் அப்படித்தான் வரைந்தான், இரண்டு பாதத்தையும் உட்பக்கமாக. அவனுக்கு அதுதான் அழகு, அதுதான் முறை. அதைச் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"வேலையாளுங்க கைக்கோளாறு சார். நான் ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரலை. இன்னைக்கே திருத்திடறேன்."

அவர் பேசிய வேகத்தில், வரைந்தது அவரே என்றாகிவிட்டது, கெடுத்தது யாரோ ஒரு கூலியாள் என்றாகிவிட்டது. அவளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளி படியிறங்கியதும் அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். ஒன்றல்ல, ஆறு படங்கள். ஆறிலும் இரண்டு இடது கால்கள். மாஸ்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"நீ வரஞ்சதுதான் சரி," என்றார். "ஆனா நான் தப்புன்னு சொல்லிட்டேன். இப்ப போய் அது சரின்னு சொன்னா, இத்தனை நாள் நான் பேசுனதுக்கு என்ன அர்த்தம்? மாத்திடு."

"முதலாளி அடுத்த வாரம் எகிப்து நிபுணரைக் கூட்டிட்டு வர்றாரே, அவங்க பாப்பாங்களே?"

"அந்தம்மா கூரையைப் பாத்து மயங்கிடுவாங்க. கட்டைவிரலையா எண்ணப் போறாங்க?"

அவள் மாட்டேன் என்றாள். அதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தகட்டில் பேர் வெட்ட ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், ஒரு பேரா இரண்டு பேரா என்று இன்னும் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, பாட்டு முனகிக்கொண்டே கைகழுவப் போனார்.

அவள் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். சவரப் பிளேடால் ஒரு பாதத்தின் கட்டைவிரலைச் சுரண்டி எடுத்தாள். பிறகு ஐந்து விரல்களும் வெளிப்பக்கமாகத் தெரிகிற மாதிரி, நல்ல வலது பாதமாக வரைந்தாள். கெடுப்பதைக்கூட அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. அத்தனை அழகாக வந்திருந்தது அந்தப் பாதம்.

ஒரு வாரம் கழித்து நிபுணர் வந்தார். அறுபது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு, கழுத்தில் ஒரு லென்ஸ் தொங்கியது. எகிப்தில் முப்பது வருஷம் கல்லறைகளுக்குள்ளேயே குனிந்து திரிந்தவர் என்று சொன்னார்கள். அவர் சரி என்றால்தான் தகடு, முதலாளி அதில் கறாராக இருந்தார்.

அந்தம்மா கூரையைப் பார்த்து மயங்கவில்லை, ஆனால் கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து பார்த்தார். இந்தக் காலத்தில் நட்சத்திரத்தை இப்படி ஒருவர் ஒட்டி இதுவரை பார்த்ததில்லை என்றார். சுவரில் கட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். வாத்துகளின் இறகைப் பார்த்து, "இது சாதாரணக் கை இல்லை," என்றார். மாஸ்டர் வீட்டம்மா மூலையில் நின்றிருந்தாள். பதினாலு வருஷத்தில் அவள் கையைப் பற்றி ஒருவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் அடக்கமாகத் தலையைக் குனிந்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார்.

அப்போது நிபுணர் மண்டியிட்டு லென்ஸை எடுத்தார்.

"இந்தப் பாதத்தை யார் தொட்டது? முதல்ல சரியா இருந்திருக்கு. சுரண்டிட்டு மேல வரஞ்சிருக்காங்க. வார்னிஷ்கூட வேற பூச்சு."

முதலாளி தான் கேட்ட கேள்வியையே மறந்துபோன மனிதராகக் கூரையில் நட்சத்திரம் எண்ண ஆரம்பித்தார். மாஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டு, மனைவியின் தோளில் கைவைத்து, அவளை மெதுவாக முன்னால் தள்ளினார்.

"என் மனைவிங்க. அவளும் ஓவியர்தான்."

பதினாலு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை அது.

ஆனால் அன்றைக்கு அவள் அப்படியே விடுவதாக இல்லை. முதலில் வரைந்ததும் தான்தான், டிரேசிங் தாள் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். வரைமேசைக்கு அடியில் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள். அதை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு ஓடிவந்து கட்டில்மேல் விரித்தாள். மாஸ்டர் தடுக்கவில்லை. ஒரு நுனி சுருண்டதும் அவரே குனிந்து அதைப் பிடித்துக் கொடுத்தார்.

தாளில் எல்லாம் இருந்தது. பதினெட்டுக் கட்டம், வாத்துகள், நாணல், இரண்டு இடது கால்கள், எல்லாம் பிசகில்லாமல். மாஸ்டர் பிடித்திருந்த நுனியில் அவருடைய கையெழுத்தும் தேதியும் இருந்தன.

நிபுணர் அதைப் படித்தார். பிறகு மாஸ்டரை ஒரு மரியாதையோடு பார்த்தார்.

"இவர் சரியாத்தான் வரஞ்சிருக்காரு."

"அது நான் வரஞ்சதுங்க," என்றாள் அவள்.

"அப்போ ஏம்மா அழிச்சீங்க? சரியா வரையத் தெரிஞ்சவங்க யாராவது அதைத் தானே சுரண்டுவாங்களா?"

நல்ல மனுஷிதான். அக்கறையோடுதான் கேட்டார். இவர்தான் மாற்றச் சொன்னார் என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு இளைத்துப்போய்க் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. முதலாளியைப் பார்த்தாள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று. அவர் இன்னும் நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் கோபப்படவில்லை. கண் கலங்கினார். "வீட்டுக் கோபத்தையெல்லாம் இங்க கொண்டு வராதம்மா," என்றார். "நீ செஞ்சது தப்புன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

வேலை அருமை, பாதத்தை மட்டும் மூலப்படம் போலவே திருத்த வேண்டும் என்று நிபுணர் எழுதிக் கொடுத்தார். கெடுத்த கையே திருத்தட்டும், அதுதான் நியாயம் என்றார் முதலாளி. தகட்டைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை. சாயந்திரமே ஆள் வந்து மாடிப்படிப் பக்கம் நான்கு திருகாணியை முறுக்கிவிட்டுப் போனான். கொட்டை எழுத்தில் ஒரே பேர். ஒரு பேர் என்பதால் எழுத்தும் பெரிதாகவே வந்திருந்தது.

மறுநாள் காலை நிபுணர் ஊருக்குக் கிளம்புமுன் ஒரு தடவை பார்க்க வந்தபோது, அவள் சுவருக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். அந்த அழகான வலது பாதத்தைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. கட்டைவிரலின் வளைவை மெல்லிய தூரிகையால் இழுத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு நேரே முதலாளியின் முழங்கால் தெரிந்தது. டிரேசிங் தாளை மாஸ்டர் பக்கத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் நிழல் தட்டியதும் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"அவசரப்படாத. நான் வரஞ்ச மாதிரியே வரணும்."